வார் பூட்டிய மலைச் சைக்கிளும் வீட்டுப் பராமரிப்பும்

மனிதனுடைய கால் வலிமையை ஓட்டமாக மாற்றித் தரும் சாதனங்களுள் சைக்கிளுக்கு நிகரானது வேறொன்று இல்லை எனலாம். அதில் நாம் சாதாரணமாகக் கவனிக்காத ஓர் உறுப்பு உண்டு. மிதியின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் சங்கிலியே அது. 1880ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருளைச் சங்கிலியை ஆக்கினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1885இல், கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி தம்முடைய ‘ரோவர்’ சைக்கிளில் சங்கிலியைப் பின்சக்கரத்தோடு பூட்டினார். அன்று தொடங்கிய சங்கிலியின் ஆட்சி இன்றும் நீங்கிவிடவில்லை. ஆயினும் அதற்குப் போட்டியாக இப்போது வேறோர் உறுப்பு வந்திருக்கிறது. நெல் அரைக்கும் மில்களிலும் பட்டறைகளிலும் பெல்ட் என்று நாம் வழங்கும் வாரே அது. வார் பூட்டிய மலைச் சைக்கிளை வீட்டிலேயே பேணுவது எப்படி, அதைப் படிப்படியாக மேம்படுத்துவது எப்படி என்பதை நாம் இங்கே ஆராய்வோம்.

மில் வாரையும் சைக்கிள் வாரையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மில் வார் தட்டையானது. உராய்வினால் மட்டுமே சக்கரத்தைப் பற்றி இழுப்பது. பாரம் மிகுந்தால் வழுக்குவது. சைக்கிளுக்கு உரியதோ பல் வைத்த வார். அதன் பற்கள் சக்கரத்தின் பள்ளங்களில் பொருந்தி அமர்வதால் வழுக்கலுக்கு இடமில்லை. இத்தகைய பல்வார் 1940களில் தையல் யந்திரத்துக்கென அமெரிக்காவில் உருவானது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனத்துக் காரில் அது எஞ்சினுக்குள் புகுந்தது. 1980இல் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை ஓட்டியது. 1987இல் வெளிவந்த ‘ஸ்டிரைடா’ என்ற மடிப்புச் சைக்கிளில் அது மிதிப்பவரின் காலுக்கு வந்து சேர்ந்தது. எனினும், மலையேறும்போது கால் செலுத்தும் கடும் இழுப்பைத் தாங்கும் வார், அமெரிக்காவில் டென்வர் நகரத்துக் கேட்ஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டை ஒட்டிக் கார்பன் இழை வாரை அறிமுகம் செய்த பின்னரே கிட்டியது.

இந்த வாரின் உள்ளமைப்பை முதலில் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் அதைப் பேணும் விதிகள் யாவும் அந்த அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. வாரின் உடல் பாலியூரித்தேன் என்னும் உறுதியான, நெகிழும் பொருளால் ஆனது. அதன் உள்ளே நீளவாக்கில் கார்பன் இழைகளாலான கயிறுகள் ஓடுகின்றன. இழுப்பு முழுவதையும் தாங்குபவை இக்கயிறுகளே. பற்களின் முகத்தில் தேய்மானத்தைத் தடுக்க நைலான் துணி போர்த்தப்பட்டிருக்கிறது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையிலுள்ள தூரம் 11 மில்லிமீட்டர். வார் முழுவதன் எடை 100 கிராமுக்கும் குறைவு. நீட்டி இழுத்தால் கார்பன் கயிறு அபாரமான வலிமை காட்டும். சுருக்கென்று மடித்தாலோ உள்ளே முறிந்துபோகும். இந்த ஒரு குணத்தை மனத்தில் இருத்தினால் பின்னர் கூறப்போகும் எச்சரிக்கைகளுக்கெல்லாம் காரணம் தானே விளங்கும்.

மலைச் சைக்கிளுக்கு வார் எதற்கு என்ற கேள்வி எழலாம். 1976இல் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை ஒரு மலைச்சரிவில் உருட்டிப் பந்தயம் வைத்தார்கள். அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபாக்’ என்று பெயர். ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் பின்சக்கர அச்சுக்குடத்திலிருந்த பிரேக் சூடேறிக் கிரீஸ் எரிந்துபோகும். அதைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைத்தல் என்னும் அச்செயலே பந்தயத்தின் பெயராயிற்று. ஆக, மலைச் சைக்கிள் பிறந்த நாளிலிருந்தே பராமரிப்பு அதன் உடன்பிறப்பு. சேறு, மணல், நீர் ஆகிய மூன்றும் சங்கிலிக்குப் பகைவர்கள். எண்ணெய் பூசிய சங்கிலியில் மணல் ஒட்டிக்கொண்டு அரம் போல் தேய்க்கும். எண்ணெய் இல்லாத சங்கிலியோ துருப்பிடிக்கும். வாருக்கு எண்ணெயும் தேவையில்லை, துருவும் இல்லை. ஒரு சங்கிலி தேய்ந்து தீரும் தூரத்தைப்போலப் பன்மடங்கு தூரம் அது உழைக்கும்.

ஆனால் இந்தச் சௌகரியத்துக்கு ஈடாக வார் இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. முதலாவது, வாரில் இணைப்பு ஏதும் இல்லை. சங்கிலியை ஓரிடத்தில் கழற்றி மீண்டும் கோக்கலாம். வார் முடிவில்லாத வளையம். ஆகவே சைக்கிளின் சட்டத்தில், அதாவது பிரேமில், பின்புற முக்கோணத்தில் ஓரிடம் திருகாணியால் பிரியக்கூடியதாக இருக்க வேண்டும்; அந்தப் பிளவின் வழியே வாரை உள்ளே செலுத்த வேண்டும். இரண்டாவது, வார் பக்கவாட்டில் வளையாது. ஆகையால் சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவச் செய்யும் வழக்கமான கியர் முறை இதற்கு ஒவ்வாது. கியர்கள் யாவும் பின்சக்கர அச்சுக்குடத்துக்குள்ளோ, மிதியச்சுக்கு அருகிலுள்ள பெட்டிக்குள்ளோ அடங்கியிருக்க வேண்டும். ஜெர்மனியில் 1998இல் வெளிவந்த ரோலாஃப் என்னும் 14 கியர் அச்சுக்குடம் முதல் வகைக்கு உதாரணம். அதே நாட்டின் பினியன் நிறுவனத்தாரின் 18 கியர் பெட்டி இரண்டாம் வகைக்கு உதாரணம். அதில் மிகத் தாழ்ந்த கியருக்கும் மிக உயர்ந்த கியருக்கும் இடையே 636 விழுக்காடு விரிவு உண்டு.

நம் நாட்டின் நிலைமையை இங்கே சிந்திக்க வேண்டும். சங்கிலி அறுந்தால் எந்தச் சிற்றூரிலும் புளியமரத்து நிழலில் ஒரு சைக்கிள் கடை இருக்கும். சுத்தியலும் ஒரு பழைய கண்ணியும் கொண்டு கடைக்காரர் கால்மணியில் வேலையை முடித்துவிடுவார். வார் அறுந்தால் அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் பாதையில் 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த டாங்லாங் லா கணவாயை ஏறும் சைக்கிள் பிரயாணிக்கு, அடுத்த வார் கிடைக்கும் இடம் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கக்கூடும். அத்தகைய இடத்தில் வண்டி நின்றுபோவது வெறும் அசௌகரியம் அல்ல. குளிரும் இருளும் சேர்ந்தால் உயிருக்கே இடர் விளையும். எனவே வார் பூட்டிய வண்டியை உடையவர் தாமே தம் வண்டியின் பட்டறைக்காரராக வேண்டியவராகிறார். அதற்கு வேண்டிய அறிவு பெரிதன்று. ஆனால் அதைப் பிரயாணம் தொடங்கும் முன்பே, வீட்டுத் தாழ்வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் செய்யத் தகாதவற்றைக் கூறுவோம். வாரைக் கையால் மடிக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டக் கூடாது, பல் இல்லாத முதுகுப் பக்கமாக வளைக்கக் கூடாது, கயிறு கொண்டு இறுகக் கட்டி வைக்கக் கூடாது. பழைய சைக்கிளில் சங்கிலியைப் பற்சக்கரத்தின் ஓரத்தில் மாட்டி, மிதியைச் சுழற்றி ஏற்றிவிடுவது நம் எல்லோருக்கும் பழகிய கைவேலை. வாரிடம் அந்தக் கைவேலையைக் காட்டக் கூடாது. திருப்புளியால் நெம்பி ஏற்றுவதும் அப்படியே விலக்கத் தக்கது. இவ்வாறு செய்த வாரில் வெளிப்பார்வைக்கு ஒரு கீறலும் தெரியாது. உள்ளே கார்பன் கயிறுகள் சில முறிந்திருக்கும். அந்த வார் பல நாள் நன்றாகவே ஓடிப் பின்னர் ஒரு செங்குத்தான ஏற்றத்தில், கால் முழு வலிமையுடன் அழுத்தும் தருணத்தில், திடீரென்று அறுந்துவிடும். சங்கிலி கிரீச்சிட்டு முன்னெச்சரிக்கை செய்யும் இயல்புடையது. வாரோ பெரும்பாலும் மௌனமாகவே இருந்துவிடும். இந்த வேறுபாட்டை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

அடுத்து எண்ணெயைப் பற்றிய எச்சரிக்கை. நம் வீடுகளில் எந்த யந்திரம் முனகினாலும் எண்ணெய்க் குப்பியைத் தேடும் பழக்கம் உண்டு. தையல் யந்திர எண்ணெயோ, அதுவும் இல்லாதபோது தேங்காய் எண்ணெயோ, கதவுக் கீலில் தொடங்கிச் சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் மருந்தாகிறது. வாரில் ஒரு துளி எண்ணெயும் படலாகாது. எண்ணெய் பட்டால் புழுதி அதில் ஒட்டிப் பற்களை அரிக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் போன்றவற்றால் துடைப்பதும் தகாது. வாருக்கு உரிய ஒரே மருந்து தண்ணீர். ஒரு வாளி நீரும் மென்மையான தூரிகையும் போதும். மிதியை மெல்லச் சுழற்றிக்கொண்டே பல்லிடுக்குகளிலும் பற்சக்கரத்தின் பள்ளங்களிலும் படிந்த சேற்றைக் கழுவி, உலர விடலாம். சிறு கற்கள் பற்சக்கரத்தில் சிக்கியிருந்தால் ஒரு மரக்குச்சியால் அகற்றலாம். வறண்ட புழுதிப் பிரதேசத்தில் ஓட்டும்போது வார் கீச்சென ஒலித்தால் முதலில் கழுவிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஒலி நீங்காவிடில் சிலிக்கோன் தெளிப்பான் சிறிது பயன்படுத்தலாம். தெளிக்கும்போது டிஸ்க் பிரேக்கின் தட்டில் ஒரு துளியும் படாதபடி துணியால் மூடிக்கொள்வது அவசியம். பட்டால் பிரேக் பிடிக்காது.

கழுவி முடித்ததும் கண்ணால் சோதிக்க வேண்டும். மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், வாரின் சுற்றளவு முழுவதையும் பார்வையிடுவது போதுமானது. பல்லின் அடிப்பகுதியில் வெடிப்பு உண்டா, ஏதேனும் பல் தேய்ந்து சாய்ந்திருக்கிறதா, உதிர்ந்திருக்கிறதா, ஓரத்தில் கறுப்புக் கயிறுகள் நார்நாராக வெளிப்படுகின்றனவா என்று நோக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் வாரை மாற்றிவிடுவதே முறை. ஒட்டுப்போடும் வழி இதற்கு இல்லை. பற்சக்கரத்தையும் உடன் பார்க்க வேண்டும். அதன் பற்கள் நேரான வடிவை இழந்து சுறாமீனின் துடுப்புப்போல் ஒருபுறம் சாய்ந்து கூர்மையாகியிருந்தால் அது தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தேய்ந்த பற்சக்கரத்தில் புதிய வாரைப் பூட்டினால் புதியதும் விரைவிலேயே கெடும். அலுமினியப் பற்சக்கரத்தைவிட எஃகுப் பற்சக்கரம் மணற்பாங்கான இடங்களில் நீண்ட நாள் உழைக்கும். எடை சிறிது கூடும்.

இனி, வார்ப் பராமரிப்பின் இதயம் என்று சொல்லத்தக்க இழுவிசைக்கு வருவோம். வார் தொய்வாக இருந்தால் கடும் ஏற்றத்தில் பற்கள் பள்ளங்களிலிருந்து எழும்பி ஒரு பல் தாவிவிடும். அப்போது ‘டக்’கென ஒரு பேரொலி எழும், கார்பன் கயிறுகளுக்கு ஊறு நேரலாம், மிதி திடீரெனக் கீழிறங்கி ஓட்டுபவர் நிலைதடுமாறலாம். வார் மிகவும் இறுக்கமாக இருந்தாலோ, மிதியச்சின் குண்டுகளும் பின்சக்கரத்தின் குண்டுகளும் வீணாக நசுங்கித் தேய்கின்றன, மிதிப்பதும் கனமாகிறது. சரியான அளவு இவ்விரண்டிற்கும் இடையே உள்ளது. அதை விரலால் அழுத்திப் பார்த்து அறிவது அனுபவசாலிகளுக்கும் எளிதன்று.

அளவறிய இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, வாரின் நடுவில் குறிப்பிட்ட எடையை ஏற்றி, அது எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று அளப்பது. மற்றொன்று செவியால் அறிவது. மிருதங்க வித்துவான் வாரை இறுக்கியும் தளர்த்தியும் சுருதி சேர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். தோலின் இறுக்கம் கூடக் கூட நாதம் உயர்கிறது. சைக்கிள் வாரும் அவ்வாறே. அதன் மேற்புறத்தை விரலால் மீட்டினால் ஒரு தாழ்ந்த நாதம் எழும். அந்த நாதம் நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பதைக் கைப்பேசியின் ஒலிவாங்கி கேட்டுக் கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. வார் தயாரிப்பாளரே இதற்கான செயலியை வழங்குகிறார். நாற்பது, ஐம்பது அதிர்வுகள் என்பது சாதாரணமாக நாம் சந்திக்கும் எல்லை. வண்டிக்கு வண்டி, கியருக்குக் கியர் இது மாறுபடும். கியரற்ற வண்டிக்கு உயர்ந்த இழுவிசை தேவைப்படும். ஆகவே தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணையே நமக்குப் பிரமாணம்.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இழுவிசையானது அதிர்வெண்ணின் இருபடிக்கு ஏற்ப உயர்கிறது. அதிர்வெண் 40லிருந்து 44 ஆகும்போது நாதத்தில் பத்து விழுக்காடு மட்டுமே வேறுபாடு. இழுவிசையிலோ 21 விழுக்காடு கூடிவிடுகிறது. 40லிருந்து 50 ஆனால் இழுவிசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ஆகையால் ‘இன்னும் சற்று இறுக்கினால் நல்லதுதானே’ என்று திருகாணியை அரைச்சுற்று கூடுதலாகத் திருப்புவது நன்மை தராது.

சரிப்படுத்தும் முறை வருமாறு: வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, பின்சக்கர அச்சைப் பற்றியிருக்கும் நகரும் தாங்கிகளின் திருகாணிகளை இருபுறமும் தளர்த்த வேண்டும். பின்னர் இழுப்புத் திருகாணிகளை இருபுறமும் சமமாக, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். ஒருபுறம் மட்டும் திருப்பினால் சக்கரம் கோணிப்போகும். ஒவ்வொரு முறையும் மிதியைச் சில சுற்றுகள் சுழற்றிய பிறகு வாரை மீட்டி அளக்க வேண்டும். மிதியைக் கால்வட்டம் கால்வட்டமாக நகர்த்தி நான்கு இடங்களில் அளப்பது நன்று. பற்சக்கரம் மயிரிழை அளவு மையம் தப்பியிருந்தாலும் ஓரிடத்தில் இறுக்கமும் எதிரிடத்தில் தொய்வும் காணும். மிக இறுக்கமான இடமும் அட்டவணையின் எல்லைக்குள் இருக்க வேண்டும். இறுதியாகத் தாங்கித் திருகாணிகளை முறுக்களவு காட்டும் ஸ்பேனரால், வண்டியின் கையேட்டில் குறித்த அளவுக்கு முடுக்கி, மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். முடுக்கும்போதே அளவு மாறியிருத்தல் கூடும்.

நேர்மை என்பது மனிதருக்கு மட்டுமன்றி வாருக்கும் உரிய பண்பு. முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். சங்கிலி சில மில்லிமீட்டர் கோணலைப் பொறுத்துக்கொள்ளும், வார் பொறுக்காது. முற்கால வார்களில் பற்சக்கரத்தின் ஓரத்தில் விளிம்பு இருந்தது. பின்னர் வந்த அமைப்பில் பற்சக்கரத்தின் நடுவே ஒரு மெல்லிய வரம்பும், வாரின் நடுவே அதற்கேற்ற பள்ளமும் அமைந்தன. வரம்பு வாரை நடுவிலேயே நிறுத்துகிறது. மிதியைச் சுழற்றிக்கொண்டு பின்னாலிருந்து பார்த்தால் வார் ஒரு பக்கமாகவே சாய்ந்து உரசுகிறதா என்பது தெரியும். உரசினால் சக்கரம் நேராக இருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதன் பிறகே பற்சக்கரத்தின் அடியிலுள்ள வளையங்களைக் கூட்டியோ குறைத்தோ சீர்செய்ய வேண்டும்.

பஞ்சர் ஒட்டுவதற்காகச் சக்கரத்தைக் கழற்ற நேர்ந்தால் முதலில் வாரின் இழுவிசையைத் தளர்த்திக்கொண்டு, வாரைப் பற்சக்கரத்திலிருந்து தானாக வழுகவிட வேண்டும். சட்டத்திலுள்ள பிளவைத் திறப்பது வாரை மாற்றும்போது மட்டுமே தேவை. இவ்விடத்தில் நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்களின் கைத்திறம் நமக்கு நல்ல வழிகாட்டி. அவர்கள் பின்சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டு ஒட்டி, மீண்டும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். வார் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

கியர் உறுப்பின் பராமரிப்பு மிகவும் சுருக்கமானது. ரோலாஃப் அச்சுக்குடத்துக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். பினியன் பெட்டிக்கு 10,000 கிலோமீட்டர், அல்லது ஓராண்டு. அந்தந்த நிறுவனம் குறித்த எண்ணெயையே உபயோகிக்க வேண்டும். பழைய எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். நுண்ணிய சாம்பல் நிறம் இயற்கை. கண்ணுக்குத் தெரியும் உலோகத் துணுக்குகள் இருந்தால் உள்ளே ஏதோ பழுது என்று அறிந்து, அதற்கெனப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். உள்ளுறுப்புகளை வீட்டில் பிரிப்பதில்லை என்று நாம் உறுதி செய்துகொள்வது நலம்.

இனி மேம்பாட்டைப் பற்றிப் பேசலாம். புதிய உறுப்பு வாங்கிப் பூட்டுவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் பணத்தைச் செலவிடும் வரிசை முக்கியம். முதலிடம் டயருக்கு. நிலத்துக்கேற்ற பூட்களை உடைய நல்ல டயரும், அதில் சரியான காற்றழுத்தமும் தரும் பயனை வேறெந்த உறுப்பும் தராது. இரண்டாமிடம் பிரேக்குக்கு. முன்சக்கரத்தில் 160 மில்லிமீட்டர் தட்டுக்குப் பதிலாக 180 மில்லிமீட்டர் தட்டைப் பூட்டினால் நெடிய இறக்கத்தில் சூடு குறையும். ஆனால் முன்கவை அதற்கு இடம் தருகிறதா என்று அறிந்தே பூட்ட வேண்டும். பிரேக்கினுள் கனிம எண்ணெய் உள்ளதா, டாட் எனப்படும் திரவம் உள்ளதா என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக் செயலற்றுப்போகும். கைப்பிடி, இருக்கை முதலியன அடுத்தபடி.

பற்சக்கரத்தை மாற்றி ஏற்றத்தை எளிதாக்குவது பலரும் விரும்பும் மேம்பாடு. இதைக் கணக்கிட்டே செய்ய வேண்டும். ஓர் உதாரணம் காண்போம். முன்னால் 46 பல், பின்னால் 26 பல், வாரில் 118 பல் என்று வைத்துக்கொள்வோம். வாரின் நீளம் 118ஐ 11ஆல் பெருக்கினால் 1,298 மில்லிமீட்டர். இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 450 மில்லிமீட்டர் வரும். ஏற்றத்துக்காக முன் பற்சக்கரத்தை 42 பல்லாகக் குறைத்தால், விகிதம் 1.77இலிருந்து 1.62ஆகத் தாழும், அதாவது ஒவ்வொரு கியரும் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு இலகுவாகும். ஆனால் பழைய வாரையே வைத்துக்கொண்டால் அச்சுகளின் தூரம் 461 மில்லிமீட்டர் ஆக வேண்டும். சக்கரத்தை 11 மில்லிமீட்டருக்கு மேல் பின்னே தள்ள வேண்டும். நகரும் தாங்கியில் அவ்வளவு இடம் இல்லாதிருக்கலாம். 115 பல் வாரைப் பூட்டினால் தூரம் ஏறத்தாழ 445 மில்லிமீட்டர் ஆகும். சக்கரம் 5 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். அதற்கு இடம் இருக்கிறதா, டயர் சட்டத்தில் உரசாதா என்று முன்கூட்டி அளந்த பின்னரே கடைக்குக் கடிதம் எழுத வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் 175 மில்லிமீட்டர் நீளமுள்ள மிதிக்கோலின்மீது எழுந்து நின்றால் மிதியச்சில் ஏறத்தாழ 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு விளைகிறது. விகிதம் 1.77 ஆனால் பின் அச்சுக்குடத்துக்குச் செல்வது 68, விகிதம் 1.62 ஆனால் 74. பற்சக்கரம் சிறுக்கச் சிறுக்க அச்சுக்குடத்தின் உள்ளே இருக்கும் சிறு பற்கள் தாங்கவேண்டிய சுமை கூடுகிறது. இதனாலேயே அச்சுக்குடம் செய்வோர் இந்த விகிதத்துக்கு ஒரு கீழ் எல்லை வகுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் உறுப்பும் கெடும், உத்தரவாதமும் போகும். மிதியச்சருகே அமைந்த கியர்ப் பெட்டியில் கால் வலிமை நேரே பெட்டிக்குள் செல்வதால் இந்தக் கணக்கு வேறு விதமாக அமையும்.

சாதாரணச் சங்கிலிச் சைக்கிளை வார் வண்டியாக மாற்றலாமா என்று கேட்போர் உண்டு. சட்டத்தில் பிளவு இல்லாவிட்டால் சாதாரண வாரைப் பூட்ட இயலாது. சட்டத்தை அறுத்துப் பிளவு அமைப்பது தேர்ந்த சட்டத் தொழிலாளர் செய்யவேண்டிய வேலை. வீட்டு ரம்பத்தால் செய்யத் தக்கதன்று. பிரித்து இணைக்கத்தக்க வாரும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருக்கிறது. எனினும் பின்முக்கோணத்துக்கு வேண்டிய உறுதி இல்லாவிடில், ஏற்றத்தில் சட்டம் நெளிந்து வார் தாவும் இடர் அப்படியே நிற்கும். பின்புறத்தில் ஸ்பிரிங் வைத்த வண்டிகளில் மற்றொரு சிக்கலும் சேரும்: சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அச்சுகளின் தூரம் மாறுவதால், அந்த மாற்றத்தை ஈடுகட்டும் ஓர் இழுப்புச் சக்கரம் தேவைப்படும். ஆகையால் வார் வண்டி வேண்டுவோர் அதற்கென்றே செய்த சட்டத்தை வாங்குவதே சிக்கனமாகும்.

வாரின் குறைகளையும் மறைக்காமல் கூறுவது நம் கடமை. விலை அதிகம். நம் நாட்டில் உதிரி உறுப்புகளைப் பெரும்பாலும் வரவழைக்க வேண்டியிருக்கிறது. எப்போதும் இழுத்துப் பிடித்திருப்பதால் மெல்ல மிதிக்கும்போது சங்கிலியைவிடச் சிறிது கூடுதலான உராய்வு காணும். பந்தயத்தில் நொடிகளை எண்ணுவோர் சங்கிலியையே நாடுவது அதனால்தான். மழையிலும் மணலிலும் நாள்தோறும் ஓட்டுவோருக்கும், துணியில் எண்ணெய்க் கறை படாமல் அலுவலகம் செல்வோருக்கும், வாரங்கணக்கில் மலைநாட்டில் பிரயாணம் செய்வோருக்கும் வார் உற்ற துணை.

அத்தகைய நெடும் பிரயாணம் செல்பவர் ஒரு மாற்று வாரை உடன் எடுத்துச் செல்வது இன்றியமையாதது. அது தயாரிப்பாளரிடமிருந்து வந்த சுருளிலேயே, கனமான பொருள்கள் அழுத்தாத இடத்தில், இருக்க வேண்டும். சட்டத்தின் பிளவைத் திறக்கும் ஸ்பேனரும், தாங்கித் திருகாணிக்குரிய கருவியும் அதனுடன் இருக்கட்டும். இவை இருந்தும், வாரை ஒருமுறையேனும் வீட்டில் கழற்றிப் பூட்டிப் பழகாதவருக்கு அவற்றால் முழுப் பயன் விளையாது. விடுமுறை நாள் ஒன்றில், சிறுவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு, பிளவைத் திறந்து, வாரை எடுத்து, மீண்டும் பூட்டி, மீட்டி அளந்து பார்த்துவிட்டால், கணவாயின் உச்சியில் விரல் விறைக்கும் குளிரிலும் அந்தக் கைகள் தாமே வேலையை அறிந்து செய்யும்.

சுருங்கக் கூறின், சங்கிலி வண்டி நம்மிடம் அடிக்கடி கைவேலையை எதிர்பார்ப்பது. வார் வண்டி குறைந்த கைவேலையையும் கூர்ந்த பார்வையையும் எதிர்பார்ப்பது. மாதம் ஒருமுறை கழுவுதல், கண்ணால் சோதித்தல், மீட்டி அளத்தல், ஆண்டுக்கு ஒருமுறை கியர் எண்ணெய் மாற்றுதல் ஆகிய நான்கையும் ஒரு நாட்குறிப்பில் தேதியிட்டு எழுதி வருவோர், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, வார் எப்போது பூட்டப்பட்டது என்பதை ஊகிக்க வேண்டிய நிலையில் இருக்கமாட்டார்கள். அந்த நாட்குறிப்புக்கு ஆகும் செலவு மிகவும் சொற்பம். அது காப்பாற்றித் தரும் பிரயாணங்களோ பல.